ஆறு மணி மிதியடி

"இன்னிக்கும் அந்தப் பொண்ணை வெளியே நிக்க வெச்சாச்சு!"

கையில் கால் துடைக்கிற மிதியடியோடு வாசலிலிருந்தே உள்ளே பார்த்துக் கத்தினாள் செகரட்டரியம்மா. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். அதனால் அந்தப் பெயர்.

"எந்தப் பொண்ணை?" என்றார் கணவர், செய்தித்தாளை இறக்காமல்.

"எதிர்வீட்டு மருமகளைத்தான். ஆபீஸ் முடிஞ்சு களைச்சுப் போய் வருது. மாமியார் கதவைத் திறக்க மாட்டேங்கிறா. பத்து நிமிஷமா படியோரமாவே நிக்குது, பாவம்."

"பத்து நிமிஷமா நீ அங்கே என்ன பண்றே?"

"மிதியடி தட்டறேன். பார்த்தா தெரியலையா?"

தெரிந்தது. அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டார்.

மிதியடி தட்டுவது பதினோரு வருஷத்துப் பழக்கம். சாயங்காலம் ஆறு மணி அடித்தால், படிக்கட்டுக் கைப்பிடியில் ஓங்கிப் பத்து அடி. தன் வீட்டுத் தூசி தன் வீட்டுக்குள் இருக்கவே கூடாது அவளுக்கு. 'பொது இடத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று கீழே எழுதி ஒட்டியதும் அவளேதான்.

எதிர்வீட்டுக்கு ஆள் வந்த இந்த மூன்று வாரத்தில் பத்து அடி முப்பது ஆகியிருந்தது. நின்று வேடிக்கை பார்க்க ஒரு சாக்கு வேண்டாமா?

பார்த்த வரைக்கும் எதுவும் சரியாகப் படவில்லை. மருமகள் படியேறி வருவாள். மணியை அழுத்துவாள். உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும்: "இப்போ வேண்டாம், அங்கேயே நில்லு!" மருமகள் நாலு படி இறங்கி, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொள்வாள். கண் இரண்டும் சிவந்து, தண்ணீராக ஊற்றும்.

"குடிவந்த அன்னிக்குச் சுடச்சுடச் சாப்பாடு குடுத்தேன். இப்படின்னு தெரிஞ்சிருந்தா மாமியார் பங்கைக் குடுத்திருக்கவே மாட்டேன்."

"அது அவங்க வீட்டு விஷயம்."

"அழறது என் வாசல்ல. அப்போ என் விஷயம்!"

மிதியடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய், எதிர்வீட்டு மணியைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"ஆன்ட்டி, வேண்டாம்... ப்ளீஸ்!" மருமகள் பதறிக்கொண்டு படியேறி வந்தாள்.

"நீ சும்மா இரு. இப்படிப் பயந்து பயந்துதான் உங்களை எல்லாம் தலையில மிதிக்கிறாங்க."

உள்ளே செருப்பு தேயும் சத்தம். கதவுக்குப் பின்னால் மாமியாரின் குரல்.

"கால் வலிக்குதாம்மா? இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு. அந்தம்மா மிதியடி தட்டி முடிக்கட்டும். தூசி அடங்கினதும் திறக்கறேன்."

செகரட்டரியம்மாவின் விரல் மணியிலிருந்து தானாக இறங்கியது.

"எ... எந்தம்மா?" என்றாள், தாழ்ந்த குரலில்.

மருமகள் அவளைத் தள்ளி அழைத்துப் போனாள். கிசுகிசுத்தாள்.

"அத்தைக்கு ஒரு கண் முன்னாடியே போயிடுச்சு ஆன்ட்டி. இருக்கிற கண்ணுக்கு இப்பதான் ஆபரேஷன், புதுக் கருவிழி. ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குன்னுதான் இங்கே வந்ததே. காத்துல மிதக்கிற பொடித் தூசி, கண்ணுக்கே தெரியாதாம், அதுதான் ரொம்ப மோசம்னு டாக்டர் சொன்னார். ஜன்னலைக்கூட நாங்க திறக்கறதில்லை. தூசி பறக்கறப்போ கதவைத் திறந்தா எல்லாம் உள்ளே போயிடும், அதான்..."

"அப்போ நீ அழறது?"

"நான் எங்கே அழறேன்? கண்ணு எரியுது ஆன்ட்டி."

மிதியடி அக்குளில் கல்லாகக் கனத்தது.

"இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அத்தை விடலை. 'முதல் நாளே சாப்பாடு போட்ட மனுஷி. இவ்வளவு சுத்தம் பார்க்கிறவங்ககிட்டப் போய் உங்களாலதான் தூசின்னு சொன்னா மனசு உடைஞ்சு போயிடும். பத்து நிமிஷம் நின்னா என்ன'ன்னு..." மருமகளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. "ஆனா நேத்து காலண்டர்ல தேதியைத் தானா படிச்சுட்டாங்க ஆன்ட்டி!"

செகரட்டரியம்மா உதட்டில் விரல் வைத்து, நான் வந்ததைச் சொல்லாதே என்று ஜாடை காட்டினாள். ஓசைப்படாமல் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் ஆறு மணி.

"எங்கே உன் மிதியடி?" என்றார் கணவர்.

"வாளியில ஊறுது. பேப்பரைப் படிங்க."

மருமகள் மேலே வந்தாள். கைக்குட்டையை எடுத்தவள் அப்படியே நின்றாள். படிகள் ஈரமாக இருந்தன. கைப்பிடிக் கம்பிகூடத் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மணியை அழுத்தினாள். உடனே கதவு திறந்தது.

தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்ற செகரட்டரியம்மாவுக்கு மாமியாரின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏம்மா, இன்னிக்கு அந்தம்மா சத்தத்தையே காணோமே? உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ. பையை வெச்சுட்டு, முதல்ல போய்ப் பார்த்துட்டு வா."