தட்டிப் பார்த்தால் தெரியும்

மூங்கில் கழியைக் குறுக்கே நீட்டி டாக்சியை நிறுத்திவிட்டார்கள்.

பூலோகம் முன் சீட்டில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் மருமகள் செண்பகவல்லி. ஏழாம் மாதம், கை நிறையக் கண்ணாடி வளையல். பக்கத்தில் அவளைப் பெற்ற ஆறுமுகத்தாய். தாராவி வீட்டில் வளைகாப்பை முடித்துவிட்டு, செம்பூரில் இருக்கும் தாய்வீட்டில் அவளைக் கொண்டுபோய் விடக் கிளம்பியிருந்தார்கள்.

சயான் போகிற திருப்பம். காலையில் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை.

தாராவிக்குள்ளிருந்து வரும் வண்டிகளை மட்டும் போலீஸ் ஓரங்கட்டிக்கொண்டிருந்தது. மாட்டுங்கா பக்கமிருந்து வந்த கறுப்புக் கார் ஒன்று வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனது. அதற்குக் கையசைத்து வழிவிட்டார்கள்.

"பெரிய காருக்கெல்லாம் வயிறு கெடையாது போல, அண்ணாச்சி" என்றான் டிரைவர் ஷாகுல் ஹமீது.

பூலோகம் சிரிக்கவில்லை.

பம்பாயில் அப்போது மதுவிலக்கு. ரப்பர் டியூபில் சாராயத்தை நிரப்பி வயிற்றில் கட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி அசைந்து நடந்துபோகும் பெண்கள் சிலர் தாராவியில் இருந்தார்கள். அந்தச் சிலரால் எல்லாருக்கும் கெட்ட பேர். செண்பகவல்லியைப் பெண் கேட்டுப் போனபோது, "தாராவியா? அங்க சாராயம் காய்ச்சுறவுகல்ல இருக்காக?" என்று இதே ஆறுமுகத்தாய் வாசலில் நிற்கவைத்துக் கேட்டாள். ஊர்க்கமிட்டித் தலைவர் பூலோகம் அதை மறக்கவில்லை. சாராயக்காரர்கள் வீட்டில் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு வரி வாங்குவதையே அந்த வருடத்தோடு நிறுத்திவிட்டார்.

இளம் போலீஸ்காரன் ஒருவன் பின் கதவைத் திறந்தான். செண்பகவல்லியின் வயிற்றைப் பார்த்தான். லத்தியால் வெளியே காட்டி, "நீச்சே உத்ரோ" என்றான்.

"எறங்காத தாயி" என்றார் பூலோகம்.

வளையல் போட்டுக் கிளம்பிய பெண் தாய்வீட்டு வாசலில்தான் காலை ஊன்ற வேண்டும். நடுவழியில் இறங்கக் கூடாது. அவர் குடும்பத்தில் அது ஒரு முறைகூடத் தவறியதில்லை.

அவர் மட்டும் இறங்கினார். குடையை விரிக்கவில்லை. தனக்குத் தெரிந்த இந்தியில், பெண் பிள்ளையைச் சோதிக்கப் பெண் போலீஸ் எங்கே, யார் கொடுத்த உத்தரவு, எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சம்பந்தியம்மாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதுகில் சூடாகத் தெரிந்தது.

போலீஸ்காரனுக்குச் சட்டம் சிரிப்பாக இருந்தது.

"மதராஸி வக்கீல்!" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்.

பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. பஸ் ஜன்னலில் தலைகள் முளைத்தன.

வளையல் சத்தம் கேட்டுப் பூலோகம் திரும்பினார். செண்பகவல்லி இறங்கிச் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

"விடுங்க மாமா. பாத்துட்டுப் போகட்டும்."

இரண்டு கைகளையும் தூக்கினாள். வளையல்கள் முழங்கை வரை சரிந்தன.

லத்தியின் நுனி அவள் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு இன்னொரு தட்டு, கொஞ்சம் அழுத்தி.

டியூப் என்றால் தளும்பும். இது தளும்பவில்லை.

போன மாதம் இதே இடத்தில்தான் அடுத்த சந்துப் பூமாரியை இறக்கினார்கள். லத்தி பட்ட பயத்தில் சறுக்கி விழுந்தவள், வயிற்றுப் பிள்ளையை இழந்துதான் வீடு திரும்பினாள். அவள் புருஷன் கமிட்டிக்கு வந்து அழுதபோது, "பிள்ளத்தாச்சிக்கு ரோட்ல என்னடே வேல?" என்று பூலோகம் கேட்டு அனுப்பிவிட்டார்.

மூன்றாவது முறை ஓங்குவதற்குள் பூலோகம் லத்தியைப் பிடித்துக்கொண்டார். போலீஸ்காரன் இழுத்தான். அவர் விடவில்லை.

அதற்குள் கிழட்டு ஹவல்தார் ஒருவர் ரெயின்கோட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்தார்.

"அரே, பூலோகம் சேட்! உங்கள் வீட்டுப் பெண்ணா?" என்று இந்தியில் பதறினார். இளையவனின் தலையில் ஒன்று போட்டார். ஒரு சலாம் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"நாங்கள் என்ன செய்வது சேட்? அம்மன் கொடையில் எங்கள் இன்ஸ்பெக்டர் சாஹேபுக்கு மாலை போட்டு நீங்கள்தானே கேட்டுக்கொண்டீர்கள்? இந்தத் திருப்பத்தில் ஆள் நிறுத்துங்கள், பெரிய வயிறு என்று பார்த்து ஏமாறாதீர்கள், எவளாக இருந்தாலும் தட்டிப் பார்த்தால் தெரியும் என்று. அதற்குப் பிறகு போட்டதுதான் இந்தக் காவல்."

பூலோகத்தின் கை இன்னும் லத்தியின் மேல் இருந்தது. எடுத்துக்கொண்டார்.

கழி உயர்ந்தது. டாக்சி நகர்ந்தது. ஷாகுல் ஹமீது ரோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

ஆறுமுகத்தாய்க்கு இந்தி தெரியாது. முந்தானையால் மகளின் காலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கெழவன் என்னமோ ரொம்ப நேரம் பேசினானே, என்னட்டி சொன்னான்?"

செண்பகவல்லி பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். இந்தியில் அவளுக்குப் புரியாத பேச்சு கிடையாது.

பூலோகம் திரும்பவில்லை. தலையிலிருந்து தண்ணீர் பிடரி வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. சயான் தாண்டும்வரை அவள் முழங்கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாக மணிக்கட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் பிறகு. "இவுகளத் தெரியுமாம். பெரிய மனுசர்னு சலாம் வச்சான்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அவரை மாமா என்று சொல்லாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.