பக்கத்து வீட்டு மழை

அந்தக் குடியிருப்பில் மனை வாங்கிய எல்லோரும் பத்திரத்தில் ஒரு நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டுக்கு மட்டும் யாரும் கருவி பொருத்தி மழை பெய்ய வைக்கக் கூடாது. யாராவது மீறினால், பக்கத்து வீட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்து கைரேகை வைத்துப் புகார் கொடுத்தால் போதும். சங்கத்தார் வந்து மழைக் கருவியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஆனாலும் தேவசகாயம் தன் மனைவி பிரிசில்லாவுக்காகத் தினமும் சாயங்காலம் மொட்டைமாடியில் மழையை வரவழைத்தார். வரவழைத்துவிட்டு அவளுக்குக் குடையும் பிடித்தார். சுவருக்கு இந்தப் பக்கம், காய்ந்த மாடியில் நின்று பார்த்த மேகலாவுக்கு வயிறு எரிந்தது.

"குடை பிடிக்கிறதுக்கு எதுக்கு மழை?" என்றாள் கணவனிடம். "புகார்ல நான் கைரேகை வச்சாச்சு. நீங்க எப்ப வைக்கப் போறீங்க?"

"நாளைக்கு வைக்கிறேன்," என்றான் கதிரேசன்.

"ஒரு மாசமா இதையேதான் சொல்றீங்க. அவ மழையில நிக்கிறதப் பாக்கணுமாக்கும்."

கதிரேசன் சிரிக்கவில்லை. "அந்த மழை நின்னுட்டா நீ மாடிக்கு வருவியா மேகலா? கல்யாணமான புதுசுல வந்ததோட சரி. இப்பதான் தினமும் என் பக்கத்துல வந்து நிக்கிற."

காற்று திரும்பியதும் சுவரைத் தாண்டி வந்த சாரல் மேகலாவின் கன்னத்தில் பட்டது. துடைக்கத் தலைப்பை எடுத்தவள், துடைக்காமல் அவன் தோளை ஒட்டி நின்றாள்.

"சரி, கைரேகை மெதுவா வச்சுக்கலாம்," என்றாள். "ஆனா அந்த மனுஷனப் பாத்தாவது நாளைக்கு ஒரு குடை வாங்கிட்டு வாங்க."