விருந்தாளி ஒட்டாத வீடு

"அந்தத் திண்டுல உட்காராதீங்க! வழுக்கி விட்டிரும்!"

குரல் வருவதற்குள் சத்தியதாஸ் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த வேகத்திலேயே சறுக்கிக்கொண்டு போய் முற்றத்து மண்ணில் விழுந்தார்.

மனைவி பிரேமகுமாரி பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினாள். சத்தியதாஸோ வேட்டியைக்கூடத் தட்டாமல் சிரித்தார்.

"பிரேமா, இதாக்கும் நம்ம வீடு!"

அவர் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. பாறசாலை ரயில் நிலையத்துக்கு அடுத்த தெருவில் அவர்கள் வீடு. ரயிலைத் தவறவிட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் நேரே அங்கேதான் வருவார்கள். ரயிலைத் தவறவிடக் கூடாது என்று நினைப்பவர்கள் முந்தின நாளே வந்துவிடுவார்கள். ஒரே ஒரு பல்லைப் பிடுங்க வெள்ளறடையிலிருந்து வந்த மைத்துனர் எலியா, முழுப் பல்செட்டும் கட்டி, அதில் முறுக்குக் கடிக்கப் பழகிய பிறகுதான் கிளம்பினார். சபையில் கன்வென்ஷன் கூட்டம் வந்துவிட்டால் வீடு நிரம்பி, சத்தியதாஸுக்கு அடுக்களையில்தான் பாய்.

வந்தவரைப் போகச் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பாது. எப்போது தொலைவான் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். "ரெண்டு நாள் நின்னுட்டுப் போலாமே" என்று வாய் உபசாரம் செய்யும். அதனால், தான் சொல்ல முடியாததைத் தனக்காகச் சொல்லும் ஒரு வீட்டை அவர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார்.

குன்னத்துகாலில் அப்படி ஒரு வினோத வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் அதைத் தனக்காகக் கட்டிய என்ஜினீயர் ஈஸ்வருக்குப் போன் போட்டார். "வீட்டுல ஆள் உண்டு, போய்ப் பாருங்க" என்றதோடு அவன் போனை வைத்துவிட்டான்.

எச்சரிக்கை கொடுத்த அந்த ஆள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். தும்பைப்பூ போல நரைத்த தலை, செழிப்பான தொப்பை.

"நான் சிவதாணு. ஈஸ்வருக்கு மாமன் முறை. வாங்க, வாசலு இந்தப் பக்கம் இல்ல."

வீட்டைச் சுற்றி மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். வாசல் அங்கே, பலா மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. குனியாமல் நுழைந்த சத்தியதாஸின் நெற்றி நிலையில் இடித்தது.

"காலிங்பெல் இல்லியா?" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எதுக்கு? வாறவன் அடிக்கதுக்கா?"

சத்தியதாஸுக்குப் புல்லரித்தது.

உள்ளே சுவர்கள் எல்லாம் சுருண்டு சுருண்டு போயின. நேராக ஒரு சுவரில்லை. பிரேமகுமாரி நடுக்கூடத்தில் நின்று கையால் அளந்து பார்த்தாள்.

"இஞ்ச கட்டிலு எப்பிடிப் போட?"

"போட முடியாது. அதாக்கும் சூத்திரம்" என்றார் சிவதாணு. "மாடிப்படியைப் பாத்தியளா? ஒருச்சாய்ஞ்சுதான் ஏறணும். பெட்டி படுக்கையோட எவனும் ஏற முடியாது. போனுக்கு ரேஞ்சு கிடையாது. டிவி வைக்க இடமில்ல. கக்கூஸ் கதவு பாதிதான் சாத்தும். எல்லாம் யோசிச்சு யோசிச்சுக் கட்டினதாக்கும். நான் இருந்து பாத்ததுல, வந்தவன் எவனும் இஞ்ச ராத்திரி தங்கினதில்ல."

"நமக்கும் இதே கக்கூஸ் தானே?" என்றாள் பிரேமகுமாரி மெல்ல.

"நாம பாடிக்கிட்டே இருப்போம்" என்றார் சத்தியதாஸ்.

சிவதாணு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "டீ குடிச்சிட்டுப் போலாம். அடுக்களையில தூளு உண்டு, சீனி உண்டு. அம்மா போய்ப் போட்டு எடுத்துட்டு வாங்க. எனக்குச் சீனி கொஞ்சம் கூடுதலு."

பிரேமகுமாரி கணவனை முறைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். சத்தியதாஸ் பின்னாலேயே ஓடி வந்தார்.

"பாத்தியா பிரேமா, வந்தவளையே டீ போட வச்சிட்டாரு! இந்த வீட்டுல இருந்தா எனக்கும் அந்தத் தைரியம் வரும்!"

அடுத்த மாதமே பத்திரம் முடிந்தது. ஈஸ்வர் பேரமே பேசவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு காரில் ஏறி, நெய்யாற்றின்கரைப் பக்கம் பறந்துவிட்டான். பாறசாலை வீட்டையும் விற்றாயிற்று. புது விலாசத்தைச் சொந்தக்காரர் ஒருவருக்கும் சொல்லாமல், சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு இருவரும் குன்னத்துகாலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மாடி ஜன்னலில் சிவதாணுவின் தலை தெரிந்தது.

"வாங்க, வாங்க! இவ்வளவு நேரமா?"

"அண்ணாச்சி இன்னும் வீடு ஒழியல்லியா?" என்று சத்தியதாஸ் அண்ணாந்து கேட்டார். "அது சாரமில்ல, போட்டும். லாரி சும்மாத்தானே திரும்புது, உங்க சாமானை ஏத்தி விட்டிருதேன். எங்க இறக்கணும்?"

"எனக்கு என்ன சாமான், ஒரு துணிப்பை உண்டு" என்றார் சிவதாணு. "நான் இந்த வீட்டுப் பால்காய்ச்சுக்கு வந்தவனாக்கும் மக்கா. என்னைக் கிளப்பணும்னே ஈஸ்வர் இந்த வீட்டை ஒவ்வொண்ணா இடிச்சு மாத்திப் பாத்தான், கடைசில அவனாக்கும் கிளம்பிப் போனது! அம்மா, ராத்திரிக்கு எனக்கு ரெண்டு சப்பாத்தி போதும்."