இரவல் வாய்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கைகளால் பேசிய ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

பை தைக்கும் கூடம் ஒன்றில் அக்காவும் தங்கையும் வேலை பார்த்தார்கள். அக்காவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது, எழுதவும் தெரியாது. அவள் கையசைவைப் புரிந்துகொண்டு முதலாளியிடம் சொல்பவள் தங்கைதான்.

"இருட்டுல ஊசி விரல்ல ஏறுது. மெஷினையெல்லாம் ஜன்னல் பக்கம் திருப்பணும்" என்று மாதாமாதம் அக்கா கை வலிக்க விளக்குவாள். தங்கையின் முகத்தையே பார்த்துக் கேட்கும் முதலாளி, கடைசியில் அக்காவைப் பார்த்துச் சிரித்துக் கும்பிடுவார். மெஷின் மட்டும் நகராது.

"சரியான கல்லுளிமங்கன்க்கா, விடு" என்று தங்கை கையை விரிப்பாள்.

ஒருநாள் அக்காவின் கட்டைவிரலிலேயே ஊசி ஏறிவிட்டது. கட்டுப் போட்டுக்கொண்டு, தங்கை டீ குடிக்கப் போன நேரத்தில், மெஷின் ஜன்னலைப் பார்த்து நிற்பதுபோல் ஒரு தாளில் வரைந்து, கட்டுப் போட்ட விரலையும் காட்டி முதலாளியிடம் நீட்டினாள். அவர் பதறிப்போய், அப்போதே ஆட்களைக் கூப்பிட்டு மெஷின்களைத் திருப்பச் சொன்னார்.

திரும்பி வந்த தங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, வேலை குடுத்ததுக்கு உங்க அக்கா நன்றி சொல்றாங்கன்னுதானே மாசாமாசம் சொன்னே?" கேட்டபடியே அக்காவைச் சுட்டி, கும்பிட்டும் காட்டினார்.

அந்தக் கும்பிடில் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"குறை சொன்னா ரெண்டு பேரையும் அனுப்பிடுவாரோன்னு பயந்துட்டேன்க்கா." தங்கை கைகளால் சொன்னாள்.

அக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னது, சொன்னபடியே அடுத்தவருக்குப் போய்ச் சேரட்டும் கண்ணுகளா.