எட்டாவது ஆணி

கெரெடே ஊரில், ஷாகிர் மாமாவின் கோதுமை வயலில், நிலப்பிளவுக்குக் குறுக்கே ஆளுயரக் குழி வெட்டியிருந்தோம். குழியின் மண்சுவரில் அடுக்குகள் முறிந்து தெரிந்த பழைய நிலநடுக்கம் ஒவ்வொன்றுக்கும் நிலநடுக்க ஆய்வாளரான பெர்ரின் அக்கா ஒரு சிவப்பு ஆணி அடித்தாள். மொத்தம் ஏழு; ஆழத்தில் இருந்தது பழையது, மேலே இருந்தது புதியது.

காலையில் எட்டாவதாக ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, இந்த வருஷக் கோதுமையின் வேர்களுக்கு நடுவில். பிடுங்கி எறிந்தாள். மறுநாளும் அதே இடத்தில் இருந்தது.

“அது இன்னும் வராத நடுக்கம்மா. குழிய மூடிட்டுக் கெளம்பு,” என்றார் மாமா.

“வரட்டும் மாமா. அந்த ஏழு நடுக்கத்தையும் யாரும் பிளவு மேலயே உக்காந்து பாத்து எழுதல. இத நான் எழுதுறேன்.”

ஆணிக்கு நேர் மேலே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். தேநீர் கொடுத்தேன். கண்ணாடிக் குவளையை நேராகத்தான் பிடித்திருந்தாள். உள்ளே தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அக்கா பையிலிருந்து அளவுகோலையும் குறிப்பேட்டையும் எடுத்தாள்.