எண்பத்தெட்டு வரை பொறுத்தவன்

ஒரு பழைய கார் எஞ்சினுக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வைத்தார்கள். பெட்ரோலை அளந்து ஊற்றுவதற்கு ஒரு கம்ப்யூட்டரும் கூடவே வந்தது.

எஞ்சினைச் சுற்றும் தண்ணீர் ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் வழியில் காவல் இருந்த தெர்மோஸ்டாட்டுக்கு இளகிய மனசு. எஞ்சின் லேசாக "உஸ்ஸ்" என்றாலே போதும், எழுபது டிகிரியிலேயே கதவைத் திறந்துவிடும். தண்ணீர் ஆறிப்போகும்.

தண்ணீரைத் தொட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டர், "ஐயோ, பெரியவருக்கு இன்னும் குளிருதே!" என்று மேலும் பெட்ரோல் ஊற்றும்.

"போதும்ப்பா!" என்று எஞ்சின் இருமும். கறுப்புப் புகைதான் வரும்.

மெக்கானிக் செல்லதுரை அந்தத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, எண்பத்தெட்டில் திறக்கும் ஒன்றை மாட்டினார்.

எழுபதிலேயே எஞ்சின் புதியவனிடம் கெஞ்சியது. "வேகுதுடா, திற!"

"இன்னும் கொஞ்சம் பொறுங்க."

"பழையவன் திறப்பான்."

"தெரியுமே."

எண்பத்தெட்டில் கதவு திறந்தது. அதற்குள் தண்ணீர் சூடேறியதைத் தொட்டுப் பார்த்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்திருந்தது. புகை நின்றது. எஞ்சின் நாள் முழுக்க இருமாமல் ஓடியது.

சாயங்காலம் எஞ்சின் கம்ப்யூட்டரிடம் புலம்பியது. "இவன் கல்நெஞ்சக்காரன். பழையவன் தங்கமானவன்."

"அப்போ அவனையே திரும்ப மாட்டச் சொல்லட்டுமா, பெரியவரே?"

எஞ்சின் பதறியது. "ஏம்ப்பா, ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே கிளம்பிடுவியா!"