எர்த் ஒயர்

மோட்டார் கொட்டகையில் எலக்ட்ரீஷியன் முபாரக் ஸ்டார்ட்டர் பெட்டியை மூடப் போனார்.

“இருங்க பாய், ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்க” என்றார் தங்கையன். பிடுங்கிய மூன்று ஃபியூஸ் கேரியரும் அவர் வேட்டி மடியில் இருந்தன.

ஒரு ஒயர் கையோடு வந்தது. முபாரக் நுனியைப் புதிதாகச் சீவிச் செருகி, திருகாணியை இறுக்கினார்.

“எர்த்தும் புதுசா போட்டுடுங்க.”

“இத்தனை வருஷம் எர்த் இல்லாமதானே ஓட்டினீங்க? இப்ப என்ன திடீர்னு?”

“நான் கையைத் துடைச்சிட்டுதான் தொடுவேன். நாளையிலேர்ந்து இந்த நிலம், மோட்டார் எல்லாம் என் தம்பிக்கு. கோர்ட்டுல ஜெயிச்சிட்டான்.”

முபாரக் நிமிர்ந்து பார்த்தார்.

“அவன் வாய்க்கால்லேர்ந்து ஈரக்கையோட வந்து சுவிட்சைப் போடுவான் பாய். திட்டலாம்னா, இப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையும் இல்ல.”